சேபாவுக்குப் போறம்: குடும்பக் குழு

சித்தி: கவின், மார்ச்சில சேபாவுக்கு, அந்தக் கரீபியன் தீவுக்கு, வாறம், நாலு இரவு. துளசியும் சித்தப்பாவும் டைவ் பண்ணோணுமாம். எனக்கு மலை ஏறோணும். எதை முதல் செய்யிறது?

கவின்: முதல் மலை, பிறகு கடல், கடைசி நாள் சும்மா இருங்கோ. இந்த ஒழுங்கை மட்டும் மாத்தாதேங்கோ சித்தி.

சித்தி: கடைசி நாள் காலமை ஒருக்கா டைவ் பண்ணிப்போட்டு பின்னேரம் பிளேன் ஏறலாம்தானே?

துளசி: ஏலாதம்மா. ஆழத்தில மூச்செடுக்கேக்க நைட்ரஜன் உடம்பில கரைஞ்சு நிக்கும். உடன மேல போனால் குமிழியா வெளிக்கிடும். கடைசி டைவுக்குப் பிறகு 18 மணித்தியாலமாவது விடோணும், 24 எண்டால் நல்லம். மலைக்கும் அதே கதைதான். நீங்கள் ஏறப்போற மவுண்ட் சீனரி 870 மீட்டருக்கு மேல. காலமை டைவ், பின்னேரம் மலை எண்டு ஆர் சொன்னாலும் கேக்கக்கூடாது.

சித்தப்பா: 👍 விளங்கீற்று

சித்தி: சரி, வந்து சேருறது என்ன மாதிரி?

கவின்: பக்கத்துத் தீவு சென்ட் மார்ட்டினில ஜூலியானா விமான நிலையத்தில இருந்து ட்வின் ஒட்டர் எண்ட சின்னப் பிளேன். கால் மணித்தியாலம்தான். சேபா ஓடுபாதை வெறும் 400 மீட்டர், ரெண்டு நுனியிலயும் கீழ கடல், பக்கத்தில மலை. காத்து குறுக்க பலமா அடிச்சால் பிளேன் இறங்காது. அதால திரும்பேக்க டொரொண்டோ பிளேனை அதே பின்னேரத்துக்குப் போட்டு மாட்டுப்படாதேங்கோ. சென்ட் மார்ட்டினில ஒரு இரவு நிண்டால் நிம்மதி. சின்னப் பிளேன், சூட்கேஸ் சிலவேளை அடுத்ததிலதான் வரும். மருந்தும் ஒரு நாள் உடுப்பும் கைப்பையில இருக்கோணும்.

சித்தி: படகு இல்லையோ?

கவின்: இருக்கு, ஒண்டேகால் ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும். வரேக்க காத்து பின்னுக்கு இருந்து தள்ளும், பெரிசாத் தெரியாது. திரும்பிப் போகேக்க கிழக்குக் காத்துக்கு முகம் குடுத்துப் போகோணும், அப்பதான் குடலைப் புரட்டும். கிரவோல், சத்தி நிப்பாட்டுற குளிசை, போடுறதெண்டால் ஏறுறதுக்கு முன்னமே போடுங்கோ. சத்தி வரத் துடங்கினாப் பிறகு போட்டுப் பிரயோசனமில்லை.

சித்தி: இப்ப என்ர மலையைச் சொல்லு.

கவின்: விண்ட்வார்ட்சைட் ஊரிலதான் பாதை துடங்குது. 1,064 படி. ஏற ஒண்டரை மணித்தியாலம் வைச்சுக்கொள்ளுங்கோ. ஏழு மணிக்கு வெளிக்கிடுறது நல்லம். வெயில் ஏற ஏற கடல் காத்து ஈரத்தைச் சரிவால மேல தள்ளும், உச்சி முகிலுக்குள்ள போயிடும். பிறகு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் முகிலுக்குள்ள அந்தக் காடே தனி வடிவு. மரத்தில ஒரு விரற்கடை வெறுமனே இல்லை: பாசி, பன்னம், ஓர்க்கிட். கிளையில இருந்து தண்ணி சொட்டிக்கொண்டே நிக்கும்.

கவின்: பிரச்சினை இறங்கேக்கதான். படி ஒவ்வொண்டும் ஒவ்வொரு உயரம், ஓரமெல்லாம் பாசி. முகப்பில குதி வைச்சீங்கள் எண்டால் வழுக்கும். பாதத்தைக் கொஞ்சம் சரிச்சு, படியின்ர உள்பக்கத்தில முழுசா ஊண்டுங்கோ. கையில ஒரு தடி. பிடிப்புத் தேஞ்ச ஓட்டச் சப்பாத்து வேண்டாம். ஆளுக்கு ஒண்டரை லீட்டர் தண்ணி, வழியில கடை இல்லை.

துளசி: முழங்கால் நோ இருக்கிறவை அரைவாசியில திரும்பினாலும் காடு பாத்த மாதிரித்தான் அம்மா 😄

சித்தி: பாப்பம் ஆர் திரும்பிறதெண்டு. கடற்கரை?

கவின்: மார்ச்சில வெல்ஸ் பே முழுக்கக் கல்லுத்தான். கோடையில மணல் வந்து சேரும், மாரி அலை அதை அள்ளிக்கொண்டு போயிடும். கோவ் பேயில சின்னதா ஒரு இடம் இருக்கு, கால் நனைக்கக் காணும். அதுக்குக் கிட்ட பிளாட் பொயின்ட்டில எரிமலைப் பாறைக்குள்ள குளங்கள், அதைக் கட்டாயம் பாருங்கோ. கடலுக்கு முதுகு காட்டி மட்டும் நிக்காதேங்கோ. குளம் வரைக்கும் அலைத் தண்ணி தெறிச்சால் அண்டைக்குத் திரும்பிடுங்கோ.

சித்தப்பா: டைவ் இடங்கள்?

துளசி: பேர் போனது பினக்கிள்ஸ் அப்பா. கடலடியில இருந்து எழும்பின எரிமலைக் கூம்புகள், உச்சியே 30 மீட்டர் கிட்ட. டைவ் படிச்சதுக்குக் குடுக்கிற முதல் அட்டை, ஓப்பன் வோட்டர், மட்டும் இருந்தால் விடமாட்டினம், அடுத்த படி அட்வான்ஸ்ட் வேணும். நைட்ரொக்ஸ், ஒட்சிசன் கூடின காத்து, இருந்தால் அடியில நிக்கிற நேரம் கூடும். முதல் நாளே அங்க ஓடாதேங்கோ, டென ்ட் ரீஃப் எண்ட பவளத்திட்டில உடம்பைப் பழக்குங்கோ. 1987இல இருந்து தீவைச் சுத்தி 60 மீட்டர் ஆழம் வரைக்கும் கடல் பூங்கா. கையுறை போட்டுப் பவளத்தைப் பிடிக்கிற வேலையெல்லாம் சரிவராது.

சித்தி: கடைசி நாள் சும்மா இருக்கச் சொன்னியே, என்ன செய்யிறது?

கவின்: டக்சி பிடிச்சு றோட்டைப் பாருங்கோ. ஏலாது எண்டு எஞ்சினியர்மார் கைவிட்ட றோட்டு. ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல் எண்ட உள்ளூர் ஆள் தபாலில படிச்சு 1938இல துடங்கினவர், சனம் கையாலயே கட்டி 1958இல முடிச்சது. அதுக்கு முதல் பியானோவும் ஆள் தோளிலதான் ஏறினது, லாடர் பேயின்ர 800 படியால. அந்தப் படியையும் பாக்கலாம், ஆனால் முதல் இறக்கம், பிறகுதான் ஏத்தம். மத்தியான வெயிலில போகாதேங்கோ. சேபா லேஸ், இந்த ஊர் நூல் வேலைப்பாட்டுத் துணி, வேண்டுறதெண்டால் கையால செய்ததோ எண்டு கேட்டு வேண்டுங்கோ, விலை கூடத்தான் இருக்கும். காசு அமெரிக்க டொலர்.

சித்தப்பா: அந்த றம் போத்தல்?

கவின்: சேபா ஸ்பைஸ் 😀 கராம்பு, கறுவா போட்டது, கடும் காரம். கைப்பையில வைச்சால் ஜூலியானாவில பறிச்சுப்போடுவினம். மூடியைப் பிளாஸ்ரிக்கால இறுக்கிச் சுத்தி சூட்கேசுக்குள்ள வையுங்கோ.

துளசி: அப்பா, மூச்செடுக்கிற றெகுலேட்டரும் முகமூடியும் எங்கட, மிச்சம் அங்க வாடகைக்கு. டைவ் உடுப்பு 3 மில்லிமீட்டர் தடிப்புக் காணும். நீங்கள் டைவ் பதிஞ்சு வைக்கிற லொக்புக்கைத் தேடி எடுங்கோ முதல்.