பால் கட்டுக்குக் கரியபோளம் பூசலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து 3 கிழமை. இடது மார்பு சிவந்து கல்லுப்போல இறுகி, காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரி மருந்து எடுக்கிறாள். அந்தப் பக்கமும் பால் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கிறாள். காய்ச்சல் விட்டது, வீக்கம்தான் வற்றவில்லை.

அம்மம்மா கரியபோளத்தை வெந்நீரில் உரைத்து வைத்திருக்கிறார். கற்றாழைப் பால் இறுகிய கறுப்புக் கட்டி, உடைத்த இடம் கண்ணாடிபோல மினுங்குகிறது. நாக்கில் பட்டாலே சரியான கைப்பு. வயிற்றைக் கழிய வைக்கும் சரக்கு வேறு. பச்சைப் பிள்ளையின் வாய்க்குள் போய்விடும் என்ற பயத்தில் நான்தான் இன்னும் பூச விடவில்லை.

பூசிப் பார்த்த அம்மாமாரே, காம்பில் படாமல் எப்படிப் பூசினீர்கள்? பால் கொடுக்க முன் எப்படிக் கழுவினீர்கள்? மருத்துவமாது நாளை மறுநாள்தான் வருவார். சித்த வைத்தியர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கோ.