ஈமேக்ஸ் 29-இல் ஜேபி2 படங்கள் திறக்கவில்லை, இமேஜ்மேஜிக் சேர்ப்பது எப்படி?

பழையஏடு:

வணக்கம். என் தாத்தா சித்த வைத்தியர். அவர் வைத்திருந்த மருந்து நூலைக் கரையான் அரித்துவிட்டது, பாதிதான் மிஞ்சியது. அதே பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுதாகக் கிடைத்ததும் அதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். இது மூன்றாவது வருடம். திரையின் இடப்பக்கம் பக்கப் படம், வலப்பக்கம் நான் அடிக்கும் ஆர்க் மோட் கோப்பு (ஈமேக்ஸின் குறிப்பு வடிவம்), இரண்டுமே ஈமேக்ஸ் எடிட்டருக்குள். ஒரு வரி பார்ப்பேன், ஒரு வரி அடிப்பேன்.

ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைத் தானாகப் படிக்கும் நிரல், முயன்று பார்க்காமல் இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் கொம்பு வைத்த லை, ணை எல்லாம் சிதறிப்போகின்றன. அளவுகள் வேறு தமிழ் எண்களில் இருக்கின்றன. ௧ என்ற எண்ணையும் க என்ற எழுத்தையும் அது மாற்றி மாற்றிப் படிக்கிறது. மருந்து நூலில் அளவு தப்பக் கூடாது. அதனால் கையால்தான் அடிக்கிறேன்.

ஆர்க்கைவிலிருந்து ஜிப்பாக இறக்கிய பக்கங்கள் எல்லாம் ஜேபி2, அதாவது ஜேபெக் 2000 வடிவம். ஈமேக்ஸ் 26.3-இல் இவை சிக்கலே இல்லாமல் திறந்தன. போன வாரம் 29.4-க்கு மாறினேன். இப்போது ஒரு பக்கத்தைத் திறந்தால் படம் வருவதில்லை. பின்சாய்வுக் கோடுகளும் மூன்றிலக்க எண்களுமாகத் திரை நிறைகிறது. இரண்டு பதிப்பையும் டெபியன் லினக்ஸில் மூலநிரலிலிருந்து நானேதான் கம்பைல் செய்தேன், ஒரே மாதிரிதான் செய்தேன். பிஎன்ஜி, டிஃப் இரண்டும் ஒழுங்காகத் திறக்கின்றன.

பல வகைப் படங்களைப் படிக்கும் இமேஜ்மேஜிக் நூலகம் ஈமேக்ஸோடு சேராததுதான் காரணம் என்று தோன்றுகிறது. எப்படிச் சேர்ப்பது? இன்னும் 140 பக்கம் பாக்கி இருக்கிறது.

மூலநிரல்:

காரணத்தைச் சரியாகவே ஊகித்திருக்கிறீர்கள், ஐயா. உங்கள் கை தவறு எதுவும் இல்லை. 2012-இல் வந்த 24.1 பதிப்பில்தான் ஈமேக்ஸுக்கு இமேஜ்மேஜிக் ஆதரவு வந்தது. 26 வரைக்கும் அந்த நூலகம் கணினியில் இருந்தால் கம்பைலுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் கட்டளை அதைத் தானாக எடுத்துக்கொள்ளும். 2020-இல் வெளியான 27.1-இல் அந்த இயல்பு நிலையை மாற்றிவிட்டார்கள். நாமாகக் கேட்டால்தான் சேரும். பாதுகாப்பும் நிலைத்தன்மையுமே காரணம் என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஈமேக்ஸின் ஸ்கிராட்ச் பஃபரில் (தற்காலிகக் குறிப்புப் பக்கம்) 'சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஃபீச்சர்ஸ்' மாறியின் மதிப்பைப் பாருங்கள். அந்த வரிசையில் இமேஜ்மேஜிக் என்ற பெயர் இல்லையென்றால் சேரவில்லை என்று பொருள். சேர்க்க வேண்டுமானால் இமேஜ்மேஜிக்கின் லிப்மேஜிக்வாண்ட் தொகுப்பின் 'தேவ்' வடிவத்தை (கம்பைலுக்குத் தேவையான கோப்புகள் உள்ளது) நிறுவிவிட்டு, கான்ஃபிகர் கட்டளையோடு 'வித்-இமேஜ்மேஜிக்' தெரிவையும் கொடுங்கள். அது முடியும்போது ஒரு சுருக்கம் அச்சாகும். அதில் இமேஜ்மேஜிக்குக்கு நேரே 'எஸ்' என்று வந்த பிறகுதான் கம்பைல் செய்யும் மேக் கட்டளைக்குப் போக வேண்டும். அரை மணி நேரம் கம்பைல் செய்து முடித்த பிறகு 'நோ' என்று தெரிந்தால் மனது விட்டுப்போகும்.

இமேஜ்மேஜிக்கில் ஜேபி2 ஆதரவு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. டெர்மினலில் கன்வெர்ட் கட்டளைக்கு 'லிஸ்ட் ஃபார்மட்' தெரிவு கொடுத்து, வரும் பட்டியலில் ஜேபி2 இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாத வடிவம் ஈமேக்ஸிலும் திறக்காது.

வழி இதுதான். ஆனால் உங்கள் வேலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இப்படிச் சேர்க்கும்போது இமேஜ்மேஜிக் ஈமேக்ஸின் உள்ளேயே ஓடுகிறது. ஏதோ ஒரு பக்கத்தின் படம் பழுதாகி நூலகம் சரிந்தால் ஈமேக்ஸும் சேர்ந்து சரியும். நீங்கள் அப்போதுதான் அடித்து முடித்த பத்தியும் அதோடு போகும். தானியங்கிச் சேமிப்பு 300 விசைக்கு ஒருமுறை, அல்லது 30 விநாடி கை நின்றால் நடக்கும். அதற்கு இடையில் அடித்தது போனது போனதுதான். அப்புறம் 2016-இல் இமேஜ்ட்ராஜிக் என்ற ஓட்டை வெளிவந்தது. கெட்ட எண்ணத்தோடு தயாரித்த ஒரு படக் கோப்பு நம் கணினியில் கட்டளைகளையே ஓட்ட முடிந்தது. அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இருந்தாலும் இத்தனை வடிவங்களைப் படிக்கும் ஒரு நூலகத்தை எடிட்டருக்குள் வைப்பதற்கு நான் யோசிப்பேன்.

இன்னொன்று. உள்ளே சேர்த்த இமேஜ்மேஜிக் தனக்குத் தெரிந்த எல்லாக் கோப்பு வகைகளையும் படம் என்றே பதிவு செய்யப் பார்க்கும். சி மூலநிரல், எச்டிஎம்எல், டிஎக்ஸ்டி கூட அதில் அடக்கம். அவற்றை விலக்கி வைப்பதற்கென்றே ஈமேக்ஸில் 'இமேஜ்மேஜிக்-டைப்ஸ்-இன்ஹிபிட்' என்று ஒரு மாறி இருக்கிறது.

27.1-இலேயே இதற்கு மாற்று வந்துவிட்டது. 'இமேஜ்-யூஸ்-எக்ஸ்டர்னல்-கன்வெர்ட்டர்' என்ற மாறியை 'டி' ஆக்குங்கள், அதாவது இயக்கிவிடுங்கள். இமேஜ்மேஜிக்கோ கிராஃபிக்ஸ்மேஜிக்கோ எஃப்எஃப்எம்பெக்கோ வெளியே தனி நிரலாக ஓடி, படத்தை மாற்றிக் கொடுக்கும். அது சரிந்தாலும் உங்கள் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. கோப்பைத் திறந்ததும் படம் தானாக வராவிட்டால் இமேஜ்-மோட் கட்டளையைக் கையால் கொடுங்கள். மறுபடி கம்பைல் செய்யத் தேவையே இல்லை.

பழையஏடு:

விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. மாறியை 'டி' ஆக்கினேன், இமேஜ்-மோட் கொடுத்ததும் படம் வந்துவிட்டது. பார்த்ததும் அவ்வளவு நிம்மதி. என் கணினி பழையது என்பதால் பக்கம் புரட்டினால் நான்கைந்து விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. முந்தின பக்கத்தைச் சரிபார்க்கத் திரும்பிப் போனாலும் அதே காத்திருப்பு. அப்புறம், 26-இல் படத்தைப் பெரிதாக்குவதற்கும் இமேஜ்மேஜிக் இருந்தால்தான் முடியும் என்று படித்த நினைவு. எனக்கு அது இல்லாமல் ஆகாது. பின்னக் குறிகள் அச்சில் கடுகளவுதான் இருக்கின்றன.

அச்சுக்கூடம்:

பெரிதாக்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 27.1 முதல் அளவு மாற்றுவதையும் திருப்புவதையும் ஈமேக்ஸ் தானே செய்துகொள்கிறது. ஆர்க் கோப்புக்குள் படத்தின் அகலத்தைக் குறித்து வைப்பதும் இமேஜ்மேஜிக் இல்லாமலே நடக்கும்.

வேகத்துக்கு என் யோசனை: 140 பக்கங்களையும் ஒரே தடவையில் பிஎன்ஜி ஆக்கிவிடுங்கள். நானும் பழைய புத்தகங்களை இப்படித்தான் மெய்ப்புப் பார்க்கிறேன். இமேஜ்மேஜிக்கின் மாக்ரிஃபை கட்டளைக்கு 'ஃபார்மட்' தெரிவில் பிஎன்ஜி என்று கொடுத்தால் அடைவு முழுவதும் மாறும், மூலக் கோப்புகளும் அப்படியே இருக்கும். ஓபன்ஜேபெக் கருவித் தொகுப்பில் வரும் டிகம்ப்ரெஸ் கட்டளை இன்னும் நல்லது. ஜேபி2 ஒரே படத்தைப் பல அளவுப் படிநிலைகளாக அடுக்கி வைக்கும் வடிவம். 'ஆர்' தெரிவுக்கு 1 கொடுத்தால் மேல் படிநிலையை விட்டுவிட்டுப் பாதி அகலம், பாதி உயரத்தில் எடுத்துத் தரும். சாதாரணப் பக்கங்களுக்கு அதுவே தாராளம். அளவுகள் நெருக்கமாக வரும் பக்கங்களை மட்டும் முழு அளவில் எடுங்கள்.

பின்னக் குறிகளை எப்படி அடிக்கிறீர்கள்? கால், அரைக்கால், மாகாணி என்று சொல்லாக எழுதினால் பின்னால் வருபவர்களுக்கு மூலத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் போகும். 2019-இல் வந்த யூனிகோட் 12-இல் தமிழ்ப் பின்சேர்க்கை என்று தனித் தொகுதியே இருக்கிறது. 51 குறிகள், பின்னங்கள் பலவும் அதில் உண்டு. நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் தமிழ்ப் பின்சேர்க்கைக்கென்று ஒன்று இருக்கிறது, அதை நிறுவினால் ஈமேக்ஸில் தெரியும்.

பழையஏடு:

நேற்று இரவு 140 பக்கங்களையும் பாதி அளவில் பிஎன்ஜி ஆக்கிவிட்டேன். காலையில் உட்கார்ந்தபோது பக்கம் புரட்டியதும் படம் நிற்கிறது, காத்திருப்பே இல்லை. இமேஜ்மேஜிக்கை உள்ளே சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வெளி மாற்றியை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், எப்போதாவது ஒரு மூல ஜேபி2-ஐப் பார்க்கத் தேவைப்படும்.

பின்னக் குறிகளை நான் இத்தனை நாளும் சொல்லாகத்தான் எழுதி வந்தேன். எழுத்துருவை நிறுவிவிட்டு, முடித்த பக்கங்களில் அளவு வரும் இடங்களை முழு அளவுப் படத்தோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். எட்டாவது பக்கத்திலேயே ஒரு பிழை. 'வராகனெடை கால்' என்று அடித்து வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அது அரைக்கால். இரண்டு மடங்கு மருந்து. அதைத் திருத்தியாயிற்று, இப்போது ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறேன்.