றிங் மாற்றியும் கன்டர் ஒயில் குடிக்கிறது, அடுத்தது லைனர்தானா?

உரும்பிராய்க் கன்டர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 4டி33 டீசல் என்ஜின் போட்ட பழைய கன்டர் லொறி. கோப்பாய், நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போவேன், வரும்போது மரக்கறி. போக வர ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அதற்குள் 2 லீற்றர் ஒயில் காணாமல் போகிறது. நிற்கிற இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. றேடியேற்றர் தண்ணீரிலும் ஒயில் மிதக்கவில்லை.

போன வருடம் இதே பிரச்சினைக்குத்தான் பிஸ்ரனைச் சுற்றி இருக்கிற றிங்கை மாற்றினோம். சில மாதம் நன்றாக ஓடியது, இப்போது பழையபடி. கராஜில் சிலிண்டருக்குள் புது உறையாக லைனர் அடித்து, பிஸ்ரனும் புதிதாகப் போட்டு முழுதாகச் செய்தால்தான் சரிவரும் என்கிறார்கள். அவ்வளவு காசைக் கொட்ட முதல் வேறு ஏதாவது பார்க்க இருக்கிறதா? தெரிந்த அண்ணைமார் சொல்லுங்கோ.

சாவகச்சேரிச் சாரதி:
தம்பி, என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டேர்போவைப் பார்த்தீர்களா? சீல் போனால் ஒயில் நேரே உள்ளே போய் எரியும். எங்கள் டிப்பருக்கு அதுதான் நடந்தது.

உரும்பிராய்க் கன்டர்:
இதற்கு டேர்போ இல்லை அண்ணை.

நெல்லியடியான்:
தடிப்பான 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றுங்கோ. கூடவே ஒயிலைத் தடிப்பாக்குகிற மருந்தில் ஒரு டின் விடுங்கோ. நான் அப்படித்தான் ஓட்டினேன், அப்படியே விற்றும் விட்டேன்.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
விற்கிறவருக்கு அது சரியான வைத்தியம்தான். தம்பி தொடர்ந்து ஓடப்போகிறார் அல்லவா.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 500 கிலோமீற்றருக்கு இந்த வண்டி சுமையோடு 75 லீற்றர் டீசல் அளவில் எடுக்கும். அதற்கு 2 லீற்றர் ஒயில் என்றால் 2.5 வீதத்துக்கும் மேல். ஓடித் தேய்ந்த என்ஜின் 100 லீற்றர் டீசலுக்கு அரை லீற்றர் எடுத்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். இது அதைவிட எத்தனையோ மடங்கு. ஆகவே பிரச்சினை உண்மைதான். ஆனால் "எரிகிறது" என்பதை இன்னும் யாரும் காட்டவில்லை. கீழே சிந்தாமலும் எரியாமலும் ஒயில் போக இந்த வண்டியில் ஒரு வழி இருக்கிறது. பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்டனேற்றருக்குப் பின்னால், பிரேக் மிதியை இலகுவாக்குகிற பூஸ்டருக்காகக் காற்றை உறிஞ்சுகிற வாக்குவம் பம்ப் இருக்கும். அதற்கு என்ஜின் ஒயில்தான் போகிறது. அதன் ஒருவழி வால்வ் பழுதானால் என்ஜினை நிற்பாட்டிய பிறகு ஒயில் வாக்குவம் பக்கம் இழுபடும். குழாயைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்கோ, ஒயிலில் நனைந்து வந்தால் அதை முதலில் சரிசெய்யவேண்டும்.

அடுத்தது புகை. காலையில் ஸ்ராட் பண்ணும்போது நீலமாக ஒரு முறை வந்து பிறகு சுத்தமாகிவிட்டால் வால்வ் சீல். இரவு முழுவதும் மேலிருந்து வடிந்த ஒயில்தான் அது. சுமையோடு இழுக்கும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் றிங், சிலிண்டர். இறக்கத்தில் அக்சிலேற்றரை விட்டுவிட்டு புகையைப் பார் என்று சிலர் சொல்வார்கள், அது பெற்றோல் என்ஜினுக்கான சோதனை. டீசலில் காற்றை அடைக்கிற தகடு இல்லை, அதனால் அந்த நேரத்தில் உள்ளே பெரிய உறிஞ்சல் வராது. இங்கிருந்து தம்புள்ளை வரை சொல்லும்படியான இறக்கமும் இல்லை. காலையில் வருகிற வெள்ளைப் புகையையும் இதோடு குழப்பவேண்டாம். அது எரியாத டீசல், கண்ணைக் கரிக்கும்.

மூன்றாவது, என்ஜின் நன்றாகச் சூடானபின் மெதுவாக ஓடவிட்டு, ஒயில் ஊற்றுகிற மூடியைத் திருகிக் கழட்டி அந்த ஓட்டையின் மேலேயே கவிழ்த்து வையுங்கோ. மூடி சும்மா நடுங்கினால் பயமில்லை. தூக்கி எறிந்தால் சிலிண்டரில் எரிகிற வாயு றிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது என்று அர்த்தம். என்ஜினுக்குள் சேருகிற வாயுவை வெளியே விடுகிற பிறீதர் குழாயில் புகை வருகிறதா என்றும் பாருங்கோ.

எல்லாவற்றுக்கும் மேல் எனக்கு ஒரு கேள்வி: போட்ட றிங் ஒரு வருடத்துக்குள் ஏன் போனது? லைனர் அடிக்கச் சொன்னவர்கள் அதற்குப் பதில் சொன்னார்களா?

கொக்குவில் வாசகன்:
றிங் போடும்போது சிலிண்டரை ஹோன் பண்ணினார்களா, அதாவது உட்சுவரை உரசிக் கீறல் போட்டார்களா என்றும் கேளுங்கோ. கண்ணாடி மாதிரி வழுவழுத்த சுவரில் புது றிங் பிடிக்காது. குறுக்கும் மறுக்குமாகக் கீறல் இருந்தால்தான் ஒயில் அளவாக நிற்கும்.

சாவகச்சேரிச் சாரதி:
தண்ணீர் என்ன ஊற்றுகிறீர்கள்? உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீர் என்றால் சுண்ணாம்பு. கேத்தலில் வெள்ளையாகப் படிகிறதுதான் றேடியேற்றருக்குள்ளும் படியும். சூடு ஏறி ஏறி றிங்கின் இழுவை போய்விடும். கூலன்ரோடு பற்றரித் தண்ணீர் கலந்து ஊற்றுவது நல்லது.

உரும்பிராய்க் கன்டர்:
சொன்னதெல்லாம் பார்த்தேன். வாக்குவம் குழாய் காய்ந்துதான் இருக்கிறது. சூடு ஏறுவதில்லை, முள் எப்போதும் நடுவில். ஆனால் ஒயில் மூடி துள்ளி விழுந்தது, பிறீதரிலும் புகை வருகிறது. சுமையோடு புறப்படும்போது நீலப் புகை வருவதைப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி பார்த்தான். ஹோன் பண்ணினார்கள், நான் பக்கத்தில் நின்றேன்.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
அப்படியென்றால் றிங் அல்லது சிலிண்டர்தான், கராஜ் சொன்னது பிழையில்லை. இனி காரணம். எயார் கிளீனரிலிருந்து என்ஜினுக்குப் போகிற றப்பர்க் குழாயைக் கழட்டி, உள்ளே ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு என்ன நிறம் என்று சொல்லுங்கோ.

உரும்பிராய்க் கன்டர்:
சிவப்பு. செங்கல் நிறத்தில் மா மாதிரி ஒட்டியிருக்கிறது.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
அது வலிகாமத்துச் செம்மண். தோட்ட ஒழுங்கைகளில் நீங்கள் கிளப்புகிற தூசு, வடிகட்டிக்குப் பிறகு உள்ள குழாய்க்குள் இருக்கவே கூடாது. அந்தப் பக்கத்தில் இலேசாகப் படிந்தாலும் என்ஜின் மண் தின்கிறது என்றுதான் எடுக்கவேண்டும். ஒயிலோடு தூசு சேர்ந்தால் வால்வைத் தேய்த்துப் பொருத்துகிற அரப்பசை மாதிரித்தான். முதலில் போவது மேல் றிங்கும் அது நிற்கிற உயரத்துச் சிலிண்டர் சுவரும். இதை விட்டுவிட்டு லைனர் அடித்தால் அடுத்த வருடமும் இங்கே வந்து எழுதுவீர்கள்.

குழாயை வளைத்துப் பாருங்கோ, மடிப்புகளுக்குள் வெடிப்பு இருக்கும், நேராக இருக்கும்போது தெரியாது. கிளிப் இறுகியிருந்தாலும் குழாய் ஒரு பக்கம் ஏறாமல் நிற்கலாம். பிறகு எயார் கிளீனருக்குள் இருக்கிற கடதாசி வடிகட்டியை, அதாவது எலிமென்ரை எடுத்து உள்ளே ஒரு பல்ப்பைப் பிடித்து இருட்டில் பாருங்கோ, ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் எறியவேண்டியதுதான். கொம்பிரசர் காற்றை முழு வேகத்தில் அடித்து அடித்தே பலர் கடதாசியைக் கிழித்துவிடுகிறார்கள். அடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. அடிக்கடி கழட்டுவதும் நல்லதல்ல, ஒவ்வொரு முறையும் கொஞ்சத் தூசு உள்ளே விழும்.

நெல்லியடியான்:
அப்போ தடிப்பு ஒயில் சரிவராதா?

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
கொஞ்ச நாள் புகையை மறைக்கும், மண்ணை வடிகட்டாது.

உரும்பிராய்க் கன்டர்:
குழாயில் வெடிப்பு இருந்தது, அடிப்பக்க மடிப்புக்குள். விரல் நகம் நுழைகிற அளவு. எலிமென்ரின் நுனி றப்பரும் ஒரு பக்கம் சப்பியிருந்தது. ஹெட்டையும் இறக்கிப் பார்த்தோம். சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை இழுத்தால் தடுக்குகிறது. போன வருடம் ஹோன் பண்ணிய கீறல் ஒன்றையும் காணவில்லை, மேலும் கீழுமாக நீளக் கோடுகள்தான். வேலை செய்யத்தான் வேண்டும், விளங்குகிறது. புதிதாகக் குழாய், எலிமென்ற், இரண்டு கிளிப் வாங்கி வைத்துவிட்டேன். வேலை முடிந்தபின் எப்படி ஓட்டுவது? கொஞ்ச நாளைக்குச் சுமை ஏற்றாமல் மெதுவாக ஓடச் சொல்கிறார்கள்.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
எயார் கிளீனர் பெட்டியையும் கழுவிக் காயவிடுங்கோ, மூலையில் ஒளிந்திருக்கிற மண் புதுக் குழாய்க்குள்தான் போகும். என்ஜினின் அடியில் ஒயில் நிற்கிற சம்பையும் இறக்கித் துடைக்கவேண்டும், ஒயில் பில்ற்றர் புதிது.

ஓட்டுவது பற்றி: வெறுமையாக மெதுவாக ஓட்டுவதும், வாசலில் மணிக்கணக்காக ஸ்ராட்டில் விடுவதும்தான் புது றிங்குக்குக் கூடாது. எரிகிற வாயு பின்னால் நின்று தள்ளினால்தான் றிங் சுவரில் பதியும், சும்மா ஓடினால் சுவர் பளபளத்துப் போய்விடும். பாதிச் சுமை ஏற்றி கிளிநொச்சி வரை போய்வாருங்கோ, ஒரே வேகத்தில் பிடிக்காமல் கூட்டிக் குறைத்து ஓடுங்கோ. முழுச் சுமையும் இழுவையும் பிறகு. 15டபிள்யூ-40 சாதாரண ஒயில் போதும், விலை கூடிய சிந்தெற்றிக் இப்போது வேண்டாம். 1000 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றிவிடுங்கோ.

தம்புள்ளைச் சந்தையில் முறை வரும்வரை என்ஜினை ஓடவிட்டு நிற்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடவேண்டும்.

உரும்பிராய்க் கன்டர்:
சரி அண்ணை. லேத்தில் கொடுத்துவிட்டேன். பழைய எலிமென்ரைக் கழுவிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார்.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
கடதாசி எலிமென்ற் தம்பி. கழுவவேண்டாம், எறியுங்கோ.