43% சார்ஜ் இருக்கும்போதே லேப்டாப் பட்டுன்னு அணைஞ்சிடுது, உதவி தேவை

மதுரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். லேப்டாப் வாங்கி நாலரை வருஷம் ஆச்சு, விண்டோஸ் 11. பத்து நாளா திடீர் திடீர்னு அணையுது. நீலத் திரை வரல, ‘ஷட்டிங் டவுன்’னும் வரல, ஃப்யூஸ் பிடுங்கின மாதிரி ஒரே இருட்டு. நேத்து 43% காட்டிட்டிருக்கும்போதே போச்சு. சர்வீஸ் கடையில திறந்துகூடப் பாக்காம ‘மதர்போர்டு போயிடுச்சு, 14,000 ஆகும்’னாங்க. விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல ‘கெர்னல்-பவர் 41’னு சிவப்பா நிக்குது. அதுதான் காரணமா?

இரவுப்பறவை:
விண்டோஸை ஒருதடவை ஃபார்மட் அடிச்சுப் பாருங்க. எனக்கு அதுலதான் சரியாச்சு.

சால்டரிங் சாமி:
ஃபார்மட்டுக்கு அவசரமே இல்ல. 41 காரணம் கிடையாது. ‘போன தடவை முறையா மூடல’ன்னு விண்டோஸ் மறுபடி எழுந்ததும் எழுதி வைக்கிற குறிப்பு, அவ்ளோதான். பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சாலும் அதே 41தான் வரும்.

எப்போ அணையுது? சார்ஜர் போட்டிருக்கும்போதா, கழட்டினப்புறமா? எச்டபிள்யூஇன்ஃபோன்னு (HWiNFO) ஒரு மென்பொருள் போட்டு சூட்டைப் பாருங்க. பிராசஸர் 100 டிகிரி கிட்ட போய் அணைஞ்சா ஃபேன் தூசி, இல்லன்னா காஞ்ச தெர்மல் பேஸ்ட் (பிராசஸர் சூட்டைக் கடத்துற பசை)தான் காரணம். அப்படியே விண்டோஸோட ‘பவர்சிஎஃப்ஜி’ (powercfg) கட்டளையில பேட்டரி ரிப்போர்ட் எடுத்து டிசைன் கெபாசிட்டி (புதுசுல பிடிக்கிற சார்ஜ்), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போ பிடிக்கிற சார்ஜ்) ரெண்டையும் போடுங்க.

மதுரைக்காரி:
ரெண்டு நாள் கவனிச்சேன். சார்ஜர் போட்டு நாலு மணி நேரம் வீடியோ கால், ஒண்ணும் ஆகல. சூடு 74ஐத் தாண்டல. கழட்டிட்டு பெரிய எக்செல் ஒண்ணைத் திறந்தா பத்தே நிமிஷம்தான். டிசைன் 41,000, ஃபுல் சார்ஜ் 16,900 மில்லிவாட் அவர். இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல: ஒரு மாசமா டச்பேட்ல இடது கிளிக் அழுந்தவே மாட்டேங்குது.

சால்டரிங் சாமி:
அதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! சார்ஜரை உடனே பிடுங்கிட்டு லேப்டாப்பை அணைச்சு வைங்க. நிறைய மாடல்ல டச்பேடுக்கு அடியிலயோ ஒட்டியோதான் பேட்டரி இருக்கும். அது உப்பி மேல தள்ளுது போல. மேஜையில வச்சா ஆடுதா பாருங்க. அழுத்தாதீங்க, மெத்தை மேல வைக்காதீங்க.

43% வெறும் கணக்குதான். தேஞ்ச செல்லுல லோடு ஏறினதும் வோல்டேஜ் சரியும், பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிடும். அதான் ஃப்யூஸ் போன மாதிரி.

கலா டீச்சர்:
எங்க வீட்டுல இப்படித்தான் ஆச்சு. பையன் ஊசியால குத்தி காத்தை இறக்கிடலாம்னு கிளம்பிட்டான்!

சால்டரிங் சாமி:
ஐயோ டீச்சர், குத்தினா தீப்பிடிக்கும். உள்ள இருக்கிற வாயுவே எரியக்கூடியது.

மதுரைக்காரி:
வேற கடையில திறந்தாச்சு. சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பி, கருப்பு உறை பளபளன்னு இழுத்துட்டு நின்னுச்சு. அதைக் கழட்டினதுமே இடது கிளிக் ‘டிக்’னு அழுந்துச்சு! புது பேட்டரி 3,800, வியாழக்கிழமை வருது. அதுவரை சார்ஜர்ல மட்டும் ஓட்டலாமா? பழசை என்ன பண்றது?

சால்டரிங் சாமி:
பல மாடல் பேட்டரி இல்லாமலே ஓடும், கொஞ்சம் மெதுவா இருக்கலாம். கரண்ட் போனா எல்லாம் போச்சு, அடிக்கடி சேவ் பண்ணுங்க. பழசைக் குப்பையில போடாதீங்க. 2022 பேட்டரி கழிவு விதிப்படி அதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு; புதுசு வாங்குற கடையில கேளுங்க. கொண்டு போகும்போது சாவிக்கொத்தோட ஒரே பையில போட்டுடாதீங்க.