வெள்ள நேரத்துச் சமூக ஊடகப் பதிவுகளோடு பழகிய அனுபவம்: வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2015 டிசம்பர் முதல் வாரம், சென்னை வெள்ளம். உதவி கேட்டு ட்விட்டரில் வந்தவற்றை ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு எண்ணாகப் போன் போட்டு உறுதி செய்யும் வேலை எனக்கு. வியாசர்பாடியில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பக்கம் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது.

"நேத்தே போட்ல வந்துட்டோம்மா, இன்னும் போன் வந்துகிட்டே இருக்கு" என்றார் சைதாப்பேட்டைப் பெரியவர் ஒருவர். பதிவில் நேரம் இல்லை, ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள். அப்புறம்தான் ஷீட்டில் இரண்டு கட்டம் சேர்த்தோம்: கடைசியாகப் பேசிய நேரம், ஆளை மீட்டாயிற்றா.

அன்றிரவு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துச் செய்த வெள்ள வரைபடத்தைத் திறந்தேன். தெருவைத் தொட்டால் அங்கே தண்ணீர் நிற்பதாகக் குறி விழும். அடையாற்றை ஒட்டி நிறையக் குறிகள். எங்கள் தெரு வெறுமையாக இருந்தது. கீழே எட்டிப் பார்த்தால் முட்டியளவு தண்ணீர்! எங்கள் ஜனம் ட்விட்டரில் இல்லை, இருந்த போனிலும் சார்ஜ் இல்லை. குறி இல்லாத தெருவை யாரும் தேடி வரவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் இது.

எங்கள் பக்கத்துச் செய்தியெல்லாம் வாட்ஸ்அப் குரல்பதிவாகத்தான் வரும். "கோயிலுக்குப் பின்னாடி, மாவு மில்லுக்கு எதிர் சந்து, பாட்டிக்கு இன்சுலின் தீந்துபோச்சு." இதை எந்த மென்பொருள் வரைபடத்தில் வைக்கும்? அந்த மில்லில் நான் மாவு அரைத்திருக்கிறேன், அதனால் சந்து தெரிந்தது. வியாசர்பாடியையே இங்கிலீஷில் நாலு விதமாக எழுதுகிறார்கள். பதிவுகளை அலசுகிறவர்கள் பகுதிக்கு ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

2023 மிக்ஜாம் புயலின்போது எங்கள் குழுவில் எல்லோரும் தேதி, நேரம், கதவு எண் சொல்லித்தான் படம் போட்டோம். பைக் சக்கரமோ கேட்டோ படத்தில் தெரிந்தால் ஆழமும் புரிந்துவிடும். போன் எண்ணைப் பொதுவில் போடுவதையும் நிறுத்திவிட்டோம். 2015-ல் எண் கொடுத்த ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் கண்டவர்களும் போன் செய்து தொல்லை கொடுத்தார்கள்.

— எர்ணாவூரிலிருந்து:
அக்கா, மிக்ஜாம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. சுவரில் கறுப்புக் கோடு, இடுப்பு உயரம். அதன் பக்கத்தில் தம்பியை நிற்க வைத்து வீடியோ எடுத்துப் போட்டேன். எண்ணெய் படிந்த படகு, வலை, கொசஸ்தலையாற்று முகத்துவாரம் என்று மீனவர்களும் படம் போட்டார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த எண்ணெய்க் கசிவைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோதுதான் மூச்சு வந்தது. அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.

— பட்டாளம் பகுதியிலிருந்து:
மழை என்றாலே எங்கள் குழுவில் 2015 வீடியோ ஒன்று புதுசு போல வந்துவிடும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டதாக ஒருமுறை வந்த செய்தியை நம்பி, பிரசவ வலி எடுத்த தங்கையைச் சுற்றுவழியில் அழைத்துப் போனோம். பாதை திறந்துதான் இருந்தது. இப்போது அந்தப் பக்கம் ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறோம்.