கழுத்துக் கதீட்டரில் ரத்த ஓட்டம் குறைகிறது: முனைகளை மாற்றி இணைத்தே தொடரலாமா?

கேள்வி

என் தாயாருக்கு நான்கு மாதங்களாக வாரம் மூன்று முறை, கழுத்தின் வலப்பக்கம் பொருத்திய பெர்ம்கேத் (நீண்ட நாள் பயன்பாட்டுக்கான இரு பாதைக் கதீட்டர் குழாய்) வழியாக டயாலிசிஸ் நடந்து வருகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 300 மில்லி ஓட்டம் தடையின்றிக் கிடைத்தது. கடந்த மூன்று வாரங்களாக, சிகிச்சை தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் அலாரம் ஒலிக்கிறது. ரத்தத்தை இழுக்கும் பக்கத்து அழுத்தம் மைனஸ் 250-ஐத் தாண்டிவிட்டது என்று சொல்லி, பம்ப் வேகத்தை 200-க்குக் குறைக்கிறார்கள். தலையைத் திருப்பியும் இருமியும் பலன் இல்லாதபோது, ரத்தத்தை இழுக்கும் சிவப்பு முனையையும் திருப்பி அனுப்பும் நீல முனையையும் மாற்றி இணைத்துவிடுகிறார்கள். அத்துடன் அலாரம் நின்றுவிடுகிறது.

உப்புநீரைச் செலுத்தினால் எளிதாக உள்ளே போகிறது, இழுத்தால் மட்டும் ரத்தம் வர மறுக்கிறது என்றார் செவிலியர். அடைப்பு இருந்தால் எப்படி உள்ளே போகும்? இப்படியே தொடர்வதால் அம்மாவுக்குத் தீங்கு உண்டா?

மறுமொழி 1

பல ஆண்டுகளாக டயாலிசிஸ் டெக்னீசியனாகப் பணியாற்றுகிறேன். செவிலியர் சொன்ன அந்த ஒரு குறிப்பே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது. கதீட்டர் பொருத்திய சில நாட்களிலேயே ஓட்டம் குறைந்தால், குழாய் மடங்கியிருப்பதையோ அதன் நுனி சரியான இடத்தில் இல்லாததையோ சந்தேகிப்போம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது மாதங்கள் கழித்துக் குறைந்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அல்லது குழாயைச் சுற்றி ஃபைப்ரின் என்னும் புரதம் உறைபோலப் படர்ந்திருக்கலாம். அந்த உறை, நுனியில் ஒருவழிக் கதவைப்போல வேலை செய்கிறது: உப்புநீர் போகும்போது விலகிக்கொடுக்கிறது, இழுக்கும்போது துளையோடு ஒட்டிக்கொள்கிறது.

முனைகளை மாற்றுவது அன்றைய சிகிச்சையை முடித்துக்கொள்ள உதவும் வழிதான். ஆனால் அப்படி மாற்றும்போது, சுத்திகரித்துத் திரும்பும் ரத்தத்தில் ஒரு பகுதி உடலுக்குள் சுற்றாமலே மறுபடி இயந்திரத்துக்குள் இழுக்கப்படலாம். இரு நுனிகளும் முன்பின்னாக அமைந்த கதீட்டர்களில் இது கூடுதலாக நிகழும். அலாரம் நின்றுவிடுவதால் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும், ஆனால் கழிவு எவ்வளவு நீங்கியது என்பதை அலாரம் சொல்லாது. ஓட்டம் 300 இருந்தால் நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர் ரத்தம் வடிகட்டியைக் கடக்கிறது. 200 என்றால் 48 லிட்டர் மட்டுமே. ஆகவே ஒரு சிகிச்சையில் கழிவு எவ்வளவு நீங்கியது என்பதைக் காட்டும் கேடி பை வி (Kt/V) என்ற அளவை, இந்த மாதத்துக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கு அது 1.2-க்குக் கீழே இறங்கக் கூடாது.

மறுமொழி 2

நானும் பெர்ம்கேத் வைத்திருந்த நோயாளிதான். இரண்டு மாதம் முனைகளை மாற்றியே ஓட்டினார்கள். பசி போயிற்று, உடம்பெல்லாம் அரிப்பு. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு சிறுநீரக மருத்துவர் ரத்த உறைவைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தைக் குழாயின் இரு பாதைகளிலும் நிரப்பி, சிறிது நேரம் ஊறவிட்டு வெளியே எடுத்தார். மூன்று வாரம் நன்றாக ஓடியது, மறுபடி குறைந்தது. அதன்பின் எக்ஸ்ரே பார்த்து, அதே வழியாகக் கம்பி செலுத்திப் புதிய கதீட்டர் மாற்றினார்கள். அந்த இரண்டு மாதத்தை நான் வீணாகப் பொறுத்துக்கொண்டேன் என்ற வருத்தம் இன்றும் உண்டு. உங்கள் அம்மாவை அப்படிக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அறிக்கையைப் பார்த்தோம். கேடி பை வி 1.05 என்று இருக்கிறது. மருத்துவரைச் சந்திக்கும்வரை நாங்கள் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

அந்த எண்ணைக் காட்டி, நாளைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். கரைக்கும் மருந்து கொடுக்கலாமா என்பதை, அம்மாவுக்கு அண்மையில் அறுவை சிகிச்சையோ ரத்தக் கசிவோ இருந்ததா என்று பார்த்து அவர்தான் முடிவு செய்வார். அதுவரை சிகிச்சை நேரத்தைக் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டில் மூடிகளையோ கிளாம்ப்களையோ ஒருபோதும் திறக்க வேண்டாம், காற்று ரத்தத்துக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோ, டயாலிசிஸின் நடுவே குளிர் நடுக்கமோ வந்தால் அது கதீட்டர் வழித் தொற்றாக இருக்கலாம், அன்றே தெரிவியுங்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்ய அம்மாவின் ரத்தக்குழாய்கள் தகுதியாக உள்ளனவா என்ற பேச்சையும் இதே சந்திப்பில் எடுங்கள், ஏனெனில் அது முதிர்ந்து பயன்பாட்டுக்கு வரவே வாரங்களோ மாதங்களோ ஆகும், அத்தனை நாளும் இந்தக் குழாய்தான் தாங்க வேண்டும்.