சீனப் பாட்டு வீடியோக்களை இப்போது எங்கே பார்ப்பது?

முதுநகர் செல்வி:
வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் தோ பாயோவில் ஒரு சீனக் குடும்பத்தில் பணிப்பெண்ணாக இருந்தேன். அந்த வீட்டுப் பாட்டிக்குச் சாயங்கால மருந்து உள்ளே போக வேண்டுமென்றால் தெரசா டெங் என்ற பாடகி பாட வேண்டும். பேரன் யின்யூதாய் என்ற தளத்தில் வீடியோவைப் போட்டுக் கொடுப்பான். சில வீடியோக்களில் பாட்டு வரி கீழே ஓடும். பாடப் பாட ஒவ்வோர் எழுத்தாக நிறம் மாறிக்கொண்டு போகும். ஓர் எழுத்துக்கு ஓர் அசை என்பதால், படிக்கத் தெரியாத எனக்கும் எந்த இடத்தில் இழுக்கிறார், எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்பது பழகிவிட்டது.

இறந்தவர்களின் ஆவிகள் வருவதாகச் சீனர்கள் நம்பும், அவர்கள் நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மேடை போட்டுப் பாடுவார்கள். முன்வரிசை நாற்காலிகள் இறந்தவர்களுக்கென்று காலியாக இருக்கும். அதற்குப் பின்னால் பாட்டியின் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு நானும் நின்று கேட்பேன்.

பாட்டி காலமாகிவிட்டார். பாட்டுகளை என்னால் விட முடியவில்லை. அந்தத் தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆங்கில எழுத்தில் தேடினால் யார் யாரோ பாடியதெல்லாம் வருகிறது. எனக்குத் தெரசா டெங்கே பாடியது வேண்டும். சீனப் பாட்டா என்று சிரிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து பதில் எழுத வேண்டாம்.

லாஸ்பேட்டை வாசகன்:
அக்கா, யின்யூதாயை நம்பியிருக்க வேண்டாம். 2009இல் தொடங்கிய தளம் அது. பாட்டு வீடியோக்களுக்கு மட்டுமே ஆனது. சீனா, ஹாங்காங்–தைவான், கொரியா, ஜப்பான், மேற்கு நாடுகள் என்று தனித்தனியாகத் தரவரிசை போடுவார்கள். கியூகியூ மியூசிக்கைச் சிலர் சொல்வார்கள். 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்த செயலிகளில் அதுவும் ஒன்று, விட்டுவிடுங்கள்.

யூடியூபிலேயே தேடுங்கள். சீனாவுக்குள் அது முடக்கப்பட்டிருந்தாலும் தைவான், ஹாங்காங் இசை நிறுவனங்கள் அதில் பதிவேற்றுகின்றன. விக்கிப்பீடியாவில் தெரசா டெங் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் சீனத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பில் இருக்கும் பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தைவானில் பழைய எழுத்துமுறை, சீனாவில் எளிமையாக்கியது. இரண்டிலும் தேடிப் பாருங்கள். அவர் தைவானில் பிறந்தவர் என்பதால் பழைய முறையில்தான் நல்லவை கிடைக்கும்.

வில்லியனூர் ஓய்வூதியர்:
ஒரு காதில் குரலும் மறு காதில் வாத்தியமும் கேட்டால் இயர்போன் பழுது என்று நினைத்துவிடாதேம்மா. பழைய கரோக்கி விசிடியிலிருந்து எடுத்தது அது. பாட விரும்புகிறவர், பாடகரின் குரல் இருக்கும் பக்கத்தை அணைத்துவிட்டு, வாத்தியத்தோடு தானே பாடுவார். எழுத்து நிறம் மாறுவதும் கரோக்கிக்காகத்தான். தெரசா டெங் 1995இல், 42 வயதிலேயே, தாய்லாந்தில் ஆஸ்துமாவால் இறந்துபோனார். அதனால் பிற்பாடு எடுத்ததுபோல் பளபளவென்று ஒரு வீடியோ வந்தால் சந்தேகப்படு.

முதுநகர் செல்வி:
தம்பி, ஐயா, இருவருக்கும் நன்றி. பெயரை ஒட்டித் தேடியதுமே மேடையில் அவர் பாடும் பதிவு வந்தது. அதே குரல்! பாட்டி ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழிப் பாட்டுகளும் கேட்பார். அவற்றுக்கும் இதே வழிதானா?

லாஸ்பேட்டை வாசகன்:
இதே வழிதான் அக்கா. தெரசா டெங்கே அந்த மொழியிலும் பாடியிருக்கிறார். ஆனால் தைவானில் அதை ஹொக்கியன் என்று எழுத மாட்டார்கள், தைவான் மொழி என்றே குறிப்பார்கள். அந்தச் சொல்லையும் சீன எழுத்தில் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.